அதுக்கென்ன, விட்டுட்டுப் போங்க!

வாரக்கடைசியை வீணாக்கும் திறமை நம் எல்லோருக்கும் இருக்கிறது. முறையான பயிற்சிதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு சோபாவில் சரிந்து, "ஆபீஸ் போனாலாவது கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்" என்று முனகுகிறீர்களே, அது இதுவரை தற்செயலாக நடந்துவந்தது. ஒரு வாரம் நடக்கும். இன்னொரு வாரம் கைதவறி நன்றாகத் தூங்கிவிடுவீர்கள். இனி அப்படி விடக்கூடாது. கீழே உள்ள பன்னிரண்டு பாடங்களையும் வரிசை மாறாமல் கடைப்பிடியுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சரிபாதி களைப்புக்கு நான் பொறுப்பு.

தேவையான பொருட்கள்: தம்பதி, ஒரு ஜோடி. கார் ஒன்று, தவணை பாக்கியுடன். மலை ஒன்று. ஊருக்குக் கிளம்பும் நண்பர் ஒருவர். அவருடைய நாய், முப்பது கிலோவுக்குக் குறையாமல்.

நாய் லாப்ரடாராக இருப்பது நல்லது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவும் வெடிகுண்டை மோப்பம் பிடிக்கவும் உலகமெங்கும் பழக்குகிற இனம் அது. சொல்லிக்கொடுத்தால் எதையும் செய்யும். உங்கள் நண்பர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்சினார், அவ்வளவுதான். பெயர் லட்டு என்று வைத்துக்கொள்வோம்.

பாடம் 1: யோசிப்பதற்குள் சம்மதியுங்கள்

வியாழக்கிழமை இரவு போன் வரும். "தலைவா, மூணே நாள்தான். திருநெல்வேலியில மச்சினி கல்யாணம். ட்ரெயின்ல லட்டுவைக் கூட்டிட்டுப் போக முடியாதே…"

முடியும். ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயையோ நான்கு பேர் கேபினையோ முழுதாக எடுத்துக்கொண்டால் நாயையும் உடன் வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவு கட்டாது என்றால், கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு இருக்கிறது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். எத்தனையோ குடும்பங்கள் இந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கின்றன. விழுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, தெளிவான குரலில், "அதுக்கென்ன, விட்டுட்டுப் போங்க!" என்று சொல்லுங்கள்.

"அதுக்கென்ன" என்பதில் "என்ன" என்று ஒரு கேள்வி இருக்கிறது, கவனித்தீர்களா? அதற்கான பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பதில், பாடம் 2 முதல் பாடம் 12 வரை.

பாடம் 2: வீட்டில் கடைசி நிமிடத்தில் சொல்லுங்கள்

வியாழன் இரவே சொன்னால் பேச்சு வரும். வெள்ளி காலையில் சொன்னால் யோசனை வரும். வெள்ளி இரவு, காலிங் பெல் அடிக்கும்போது சொல்லுங்கள்.

"யாருங்க இந்த நேரத்துல?"

"லட்டு."

"லட்டா? யாருக்கு என்ன விசேஷம்?"

கதவைத் திறங்கள். விசேஷம் உள்ளே வந்துவிடும்.

மனைவிமாரே, நீங்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. அதே வாரக்கடைசிக்கு ஏலகிரியில் ஓர் அறை போட்டுவையுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையாகப் பார்த்துப் போடுங்கள். அவரிடம் சொல்லாதீர்கள், இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும். அவர் நாயைச் சொல்லவில்லை, நீங்கள் அறையைச் சொல்லவில்லை. மனப்பொருத்தம் என்பது இதுதான்.

பாடம் 3: நண்பரிடம் எதையும் கேட்காதீர்கள்

அவர் இறக்கிவைக்கும் சாமான்கள்: மெத்தை ஒன்று, கிண்ணம் இரண்டு, காது போன முயல் பொம்மை ஒன்று, பாதி காலியான தீனி மூட்டை. கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி? எந்த நேரத்தில்? வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண் என்ன? எதைக் கண்டால் மிரளும்? வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட கையேடு எங்கே?

கேட்டால் அவர்மேல் நம்பிக்கை இல்லாதது போல ஆகிவிடும். டம்ளரில் காபியை ஆற்றிக்கொடுங்கள். போகும்போது வாசலில் நின்று அவராகவே ஒரு வரி சொல்வார்: "அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

அவர் இதைச் சொல்லும் நேரத்தில் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். துளசித் தொட்டி இருந்த இடத்தில் தொட்டி மட்டும் இருக்கும்.

பாடம் 4: ஆளுக்கொரு கட்டளை போடுங்கள்

நாய் பழக்குகிறவர்கள் எளிமையாக ஒன்று சொல்வார்கள்: ஒரு செயலுக்கு ஒரு சொல். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். செய்த உடனே, ஒன்றிரண்டு நொடிக்குள், பாராட்டோ தின்பண்டமோ கொடுத்துவிட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வதில் நமக்குப் பரம்பரை அனுபவம் உண்டு. குழந்தைகளிடம் செய்து பார்த்ததுதானே.

நீங்கள் "சிட்" என்று சொல்லுங்கள். மனைவி "உக்காரு கண்ணா" என்று சொல்லட்டும். பால் பாக்கெட் போட வருகிறவர் "ஏய், ச்சூ!" என்பார். லட்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கும். "சொன்னாப் புரியவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது லட்டு முன்காலைத் தூக்கி மேசைமேல் வைக்கும். நீங்கள் "நோ!" என்று கத்துங்கள். மனைவி "சீ, போ!" என்று அதட்டட்டும். லட்டு தலையைச் சாய்த்துப் பார்க்கும். "பாவங்க" என்று சொல்லி ஆளுக்கொரு துண்டு அப்பளம் போடுங்கள். அடுத்த நாளும் இதே. மூன்றாம் நாள் லட்டுவுக்கு மனப்பாடமாகியிருக்கும்: காலை வை, சத்தம் வரும், பிறகு அப்பளம் வரும். உங்கள் வீட்டில் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு எல்லாம் நாய்க்கு நஞ்சு. இதில் ஒன்றாவது சேராத பண்டம் நம் சமையலறையில் ஏது? கேசரியில் திராட்சை, சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு. மேல் அலமாரியில் எடுத்துவைத்தால் போதும்தான். ஆனால் நீங்கள் அதோடு நிற்காதீர்கள். லட்டு போகும்வரை வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது என்று அறிவித்துவிடுங்கள். புரட்டாசி சனிக்கிழமைக்குக்கூட உங்களை மடக்க முடியாத உங்கள் அம்மா போனில் இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேச்சற்றுப்போவார்.

பாடம் 5: ஐந்து மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லி 8.40க்குக் கிளம்புங்கள்

அறைக்குப் பணம் கட்டியாயிற்று. நாயும் வந்தாயிற்று. இரண்டில் ஒன்றைக் கைவிடலாமா என்று யோசிப்பது கோழைத்தனம். இரண்டையும் சேர்த்துக் காரில் ஏற்றுங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டிவிடலாம் என்பது சென்னைக் கணவன்மார்களின் கொள்கை. கொள்கையை இரவே அறிவித்துவிட்டு, "நான் ரெடி, நீதான் லேட்டு" என்று சொல்வதற்கு வசதியாக, குளிக்காமல் உட்கார்ந்திருங்கள்.

வழியில் வயிற்றைப் புரட்டும் நாய்க்குக் கிளம்பும் முன் வயிறு காலியாகவோ லேசாகவோ இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு கிண்ணம் நிறையப் போடுங்கள். "நெடுந்தூரம் போறோம், பசிக்குமில்ல?" அம்மா உங்களுக்குச் செய்தது. நீங்கள் லட்டுவுக்குச் செய்கிறீர்கள்.

பின் இருக்கையில் மார்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை போட்டுக் கட்டி உட்காரவைப்பதுதான் நாய்க்கும் நமக்கும் பாதுகாப்பு. அந்தப் பட்டை நண்பர் வீட்டில் இருக்கிறது. பாடம் 3-இன் பலன். ஆகவே பின் இருக்கையில் லட்டுவோடு மனைவி, மடியில் புளியோதரை டப்பா. முன் இருக்கையில் உங்கள் பக்கத்தில் பயணப்பை. பையிடம் பேசிக்கொண்டே ஓட்டுங்கள்.

பாடம் 6: ஆம்பூர் பிரியாணியை ஷிஃப்டில் சாப்பிடுங்கள்

ஏலகிரிக்குப் போவதற்கான உண்மையான காரணம் ஆம்பூர் என்பது ஊரறிந்த ரகசியம். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. இலையைப் பார்த்ததும் மூன்று மாதச் சண்டை மறந்துபோகும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காரில் பூட்டிவைத்தால் செத்துப்போகும். ஓட்டலுக்குள் விட மாட்டார்கள். ஆகவே ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

முதல் ஷிஃப்ட் மனைவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, வெளியே நீங்கள் என்ன ஆனீர்களோ என்று பார்த்துப் பார்த்து, ருசி தெரியாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். அதற்குள் லட்டு உங்களை இரண்டு பஞ்சர் கடை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு கசாப்புக் கடைவரை இழுத்துப்போயிருக்கும். இரண்டாவது ஷிஃப்டுக்கு நீங்கள் உள்ளே போகும்போது, "மட்டன் தீர்ந்துடுச்சு சார், சிக்கன்தான் இருக்கு" என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே இலையில் சாப்பிட்டு மாமியாரிடம் திட்டு வாங்கிய ஜோடி நீங்கள்தானா என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுங்கள்.

ஆம்பூர் தோலுக்கும் பேர்போன ஊர். வந்ததற்கு அடையாளமாக ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்குங்கள். 1,100 ரூபாய். புத்தம்புதுத் தோலின் வாசனையோடு அதைப் பின் இருக்கைக்குக் கீழே வையுங்கள். வாணியம்பாடி வருவதற்குள் இடது செருப்பின் வாரும் குதிகாலும் இருக்காது.

வலது செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒற்றைச் செருப்பை ஒன்பது வருடம் வைத்திருக்கும் குடும்பம் நம்முடையது. பையில் பத்திரப்படுத்துங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

பாடம் 7: பதினான்கு வளைவுகளையும் பயன்படுத்துங்கள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் ஒருவரின் பெயரையோ வள்ளல் ஒருவரின் பெயரையோ வைத்திருக்கிறார்கள். இலக்கியத்தோடு மலையேறும் வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும், "மெதுவாப் போங்க", "மெதுவாத்தான் போறேன்", "ஹாரன் அடிங்க", "அடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று பாடிக்கொண்டே ஏறுங்கள்.

பாதி மலையில் லட்டு பாட்டை நிறுத்தும். காலையில் சாப்பிட்ட இரண்டு கிண்ணமும் திரும்பி வரும். புளியோதரை டப்பாமேல், மனைவியின் மடிமேல், இருக்கையின் தையல் இடுக்குகளில். ஓரமாக நிறுத்துங்கள். குரங்குகள் வந்து சுற்றி உட்காரும்.

துடைக்கத் துணி தேடுங்கள். பழைய துண்டு வீட்டில், வாசலில், மறக்காமல் எடுத்துப்போக வேண்டும் என்று வைத்த இடத்தில் இருக்கிறது. கைக்கு அகப்படுவது மனைவியின் காஷ்மீர் சால்வை ஒன்றுதான். கொடுத்துவிடுங்கள். பேகன் குளிருமே என்று மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் கேட்டா கொடுத்தான்? பாரி முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு நடந்து போனான். இனி இந்தக் கார் வாடையை நினைத்தால் நீங்களும் அப்படித்தான் செய்ய நேரும்.

லட்டு வாந்தியெடுத்தது எந்த வளைவில்? பாரி வளைவில் என்பார் மனைவி. காரி வளைவில் என்று சொல்லுங்கள். "பலகையை நான் பாத்தேன்." "நானும்தான் பாத்தேன்." இறங்கி நான்கு எட்டு வைத்தால் பலகை தெரியும். இறங்காதீர்கள். நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் மீதி வளைவுகளுக்கு என்ன பேசுவது?

பாடம் 8: நாய்க்கு அனுமதி உண்டு என்றால் நம்புங்கள்

தங்குமிடத்தில் "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று போட்டிருக்கும். வரவேற்பில் இருப்பவர் சிரித்துக்கொண்டே விளக்குவார். நாய்க்குத் தனிக் கட்டணம். கட்டிலில் ஏறக்கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் நுழையக்கூடாது. புல்வெளியில் கூடாது. நீச்சல்குளப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தனியாக அறையில் விட்டுவிட்டும் போகக்கூடாது. நாய்க்கு அனுமதி இருக்கிறது. நாய் கொண்டுவந்தவர்களுக்குத்தான் இல்லை. "தேங்க்யூ சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

குளிப்பாட்டப் பாருங்கள். வாளி நிரம்பும் சத்தம் கேட்டதுமே லட்டு கட்டிலுக்கடியில் போய்விடும். முப்பது கிலோவை இழுத்து வெளியே எடுப்பதற்குள் உங்களுக்குக் குளித்தது போல வேர்த்திருக்கும். விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் மூவரும் நடக்கப் போங்கள். சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். லட்டு பூனையைப் பார்க்கும்போது நீங்களும் தவறாமல் கூடவே போக இதுதான் வழி. சங்கிலி நழுவிவிட்டதா? கடைத்தெருவில் நின்று, "லட்டு! லட்டு! லட்டு!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடுங்கள். டீக்கடைக்காரர் கண்ணாடி டப்பாவைத் தட்டிக் காட்டிப் பதில் சொல்வார்: "லட்டு முடிஞ்சுபோச்சு சார். மைசூர்பாகு வேணா தரட்டா?"

பாடம் 9: சனிக்கிழமையாகப் பார்த்துக் கடி வாங்குங்கள்

அறைக்குத் திரும்பியதும் லட்டு பையைக் கிளறி வலது செருப்பை எடுக்கும். நீங்கள் மறுமுனையைப் பிடித்து இழுங்கள். வாயில் இருப்பதைப் பிடுங்குவதைவிட, அதைவிட நல்லதாக ஒன்றை நீட்டினால் நாய் தானாக விட்டுவிடும். அந்தப் பொறுமை நமக்கு எதற்கு? கட்டைவிரலில் பல் பட்டு லேசாக ரத்தம் வரும்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் சொல்வதை நிஜமாகவே கேளுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. கடிபட்டதுமே போட்டுக்கொண்டால் பயமில்லை. நம் மலைவாசஸ்தலங்களுக்கும் நாய்க்கடிக்கும் பழைய சம்பந்தம் உண்டு: வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907-இல்.

சரி, பாடத்துக்கு வருவோம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்க நண்பருக்குப் போன் போடுங்கள். அங்கே வரவேற்பு, லைட் மியூசிக் காதைப் பிளக்கும்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு! அஞ்சு பவுன்!"

தசையில் போடும் ஊசிக்குக் கணக்கு 0, 3, 7, 14, 28-ஆம் நாள். சனிக்கிழமை தொடங்கினால் என்ன அருமை என்று பாருங்கள்: 7, 14, 28 மூன்றும் சனிக்கிழமையிலேயே விழும். வரும் மாதத்தில் மூன்று வாரக்கடைசிக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பாடம் 10: நாய் மூலமாகப் பேசுங்கள்

இரவு அறையில் விரலில் கட்டுடன் நீங்கள். சால்வை இல்லாமல் நடுங்கிக்கொண்டு அவர். நடுவில், கட்டிலில் ஏறக்கூடாத லட்டு, கட்டிலில். நேருக்கு நேர் பேசினால் சண்டை வரும். லட்டுவிடம் பேசுங்கள். குழந்தையில்லாத நேரத்தில் குழந்தையின் வேலையைச் செய்ய ஓர் ஆள் வேண்டுமே.

"லட்டு, அத்தைகிட்டச் சொல்லு, ஏலகிரி வேணும்னு நான் கேக்கவே இல்லைன்னு."

"லட்டு, மாமாகிட்டச் சொல்லு, நானும்தான் கேக்கலைன்னு. போன மாசம் 'எங்கயாவது போகணும்'னு சொன்னாரே, அதுக்காகத்தான் ரூம் போட்டேன்னு."

"லட்டு, அது ஆபீஸ் டென்ஷன்ல சும்மா சொன்னதுன்னு சொல்லு. மாமாவுக்கு சனிக்கிழமை வீட்டுல ரசஞ்சாதம் சாப்ட்டுட்டுத் தூங்கணும், அவ்ளோதான்னு சொல்லு."

கொஞ்ச நேரம் பதில் வராது. பிறகு வரும்.

"லட்டு… அத்தைக்கும் அதேதான்னு சொல்லு."

"அப்போ கொல்லிமலை?"

"நீங்க ஆசைப்பட்டீங்கன்னு."

எழுபது கொண்டை ஊசி வளைவு. நீங்கள் ஆசைப்படவில்லை. அவர் ஆசைப்படுவதாக நினைத்திருந்தீர்கள். ஏற்காடும் அப்படியே. புதுச்சேரி, இரண்டு தடவை, அப்படியே. ஒன்பது வருடமாக ஒருவருக்காக ஒருவர், இருவருமே வேண்டாத மலைகளை எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். அந்த அறையில் இருந்த மூவரில், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது ஒருவருக்குத்தான்; அவர் வாளிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் போனவர்.

இது ஆபத்தான கட்டம். இந்த உண்மை விடிந்த பிறகும் நினைவிலிருந்தால் இத்தனை பாடமும் வீண். உடனே விளக்கை அணைத்துவிடுங்கள்.

பாடம் 11: "சமத்து" என்று படம் அனுப்புங்கள்

ஞாயிறு காலை புங்கனூர் ஏரிக்குப் போங்கள். ஒருவர் படகில், ஒருவர் கரையில் லட்டுவோடு. பிறகு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுக்க முடியாது. ஆனால் லட்டுவுக்கு நாற்பது படம் கிடைக்கும். அதில் அது ஆடாமல் இருக்கும் ஒரே படத்தை, தூங்கும்போது எடுத்ததை, நண்பருக்கு அனுப்புங்கள். கீழே "ரொம்ப சமத்து" என்று எழுதுங்கள். தோல் செருப்பு, சால்வை, விரல், இருக்கை உறை இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. விருந்தாளியைக் குறை சொல்லும் வழக்கம் நமக்கில்லை.

இந்தப் படத்தின் பலன் உடனே தெரியும். "நல்லவேளை! அப்போ நாங்க குலதெய்வத்தையும் கும்பிட்டுட்டு, அப்படியே குற்றாலத்துல ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறோம்" என்று பதில் வரும். மூன்று நாள் எட்டு நாளாகும்.

அந்த ஐந்து நாளும் நீங்கள் ஆபீஸ் போனதும் லட்டு ஊளையிடும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், யார் பெயரும் சொல்லாமல், உங்கள் வீட்டு எண்ணை மட்டும் போட்டுச் செய்திகள் வரும். எல்லாவற்றுக்கும் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புங்கள்.

பாடம் 12: முகம் மலர ஒப்படையுங்கள்

எட்டாம் நாள் நண்பர் தம்பதியாக வருவார். கையில் அரைக்கிலோ திருநெல்வேலி அல்வா. "ரொம்பத் தொந்தரவு குடுத்தானா?"

விடையை ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. நீங்களும் மனைவியும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் சொல்வீர்கள்: "சேச்சே! தங்கம்!"

"லட்டு, வாடா, வீட்டுக்குப் போலாம்" என்று நண்பர் கூப்பிடுவார். லட்டு அவரைப் பார்க்கும். வாலை ஒரு தடவை ஆட்டும். பிறகு திரும்பி நடந்து, சோபாவுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்ளும். கூப்பிடக் கூப்பிட வராது. நண்பரின் மனைவிக்குக் கண் கலங்கிவிடும். "பாத்தீங்களா, உங்களை விட்டு வரவே மாட்டேங்கிறான். எட்டே நாள்ல என்ன பாசம்!"

சோபாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுப் பெருக்கும்போது மனைவியும் பார்த்தார். ஆம்பூர்ச் செருப்பு, வலது கால், 1,100-இல் பாதி. சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அழுகிறார்கள், அழட்டும்.

நண்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பிப்பார். "இவ்வளவு ஒட்டிட்டான்… நாங்க வேற தீபாவளிக்கு டெல்லி போறோம். ஒரே வாரம்தான். வெடிச் சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவான், மத்தபடி ஒண்ணும் பண்ண மாட்டான்."

இப்போது மனைவியைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்ப்பார். ஏலகிரி அறையில் விளக்கை அணைப்பதற்கு முன் பார்த்த அதே பார்வை. ரசஞ்சாதம், சனிக்கிழமை, தூக்கம் எல்லாம் அதில் இருக்கும். அவர் வாயைத் திறப்பார் என்று நீங்கள் காத்திருங்கள். நீங்கள் திறப்பீர்கள் என்று அவர் காத்திருக்கட்டும். சோபாவுக்கு அடியிலிருந்து தோல் கிழியும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்கும்.

என்ன சொல்ல வேண்டும் என்பது முதல் பாடத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு ஒருவர் தனியாகச் சொன்னீர்கள். இம்முறை இருவரும் சேர்ந்து சொல்லுங்கள்.